பகலில் அந்தத் தெரு

ஆஸ்பத்திரி வேன் டிரைவர் மறுபடியும் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

"சார், எது உங்க வீடு? எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கே."

பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த லிஃப்ட் மெக்கானிக் முழங்கையை ஊன்றி எழுந்து ஜன்னல் வழியே பார்த்தார். அவருக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. இருபுறமும் வெளிர் மஞ்சள் சுவர், கறுப்பு கேட், கேட்டுக்குப் பின்னால் கார் நிறுத்த ஒரு சின்ன சிமெண்ட் தளம். இரண்டு வருஷமாக இங்கேதான் குடியிருக்கிறார். விடியுமுன் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புகிறவர். வார நாளில், வெயில் வெளிச்சத்தில், சொந்தத் தெருவை அவர் பார்த்ததே இல்லை.

"அதோ, மாடியில பச்சைப் போர்வை காயுதே, அதுதான்" என்றாள் மனைவி.

லிஃப்ட் குழிக்குள் கால் வழுக்கி விழுந்ததில் வலது கால் எலும்பு உடைந்திருந்தது. தொடைவரை மாவுக்கட்டு. காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். இருந்த லீவையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கரைத்துவிட்டாள். முன்னறை ஜன்னலோரம் கட்டிலைப் போட்டாள். தண்ணீர், ஃப்ளாஸ்க், மாத்திரை, போன், ஊன்றுகோல் எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில்.

"ஏதாவதுன்னா உடனே போன் பண்ணுங்க."

"போன் பண்ணி, நீ பஸ் மாறி வந்து சேர்றதுக்குள்ள சாயங்காலமே ஆயிடும்."

"அதுக்கு நான் என்னங்க பண்றது? அமைதியா இருக்கும், காத்து வரும்னு சொல்லி இந்த வீடுதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னது யாரு?"

"இப்பவும் ஒத்தைக் கால்லதான் இருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். மறுநாள் இருட்டோடு மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மகளின் பள்ளி அவள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒவ்வொரு காராகக் கிளம்பும் சத்தம் கேட்டது. கேட் திறக்கும், மூடும், பூட்டு விழும். கடைசிக் கார் திருப்பத்தில் மறைந்ததும் எல்லாம் அடங்கியது.

அப்படி ஒரு அமைதியை அவர் அறிந்ததில்லை. நகரத்தில் சத்தம் இல்லாவிட்டாலும் எங்கோ ஒரு குழாய் சொட்டும், யாரோ இருமுவார்கள். இங்கே காற்றுகூட சுவரைத் தொடாமல் நழுவிப் போவதுபோல் இருந்தது. விற்க வருகிறவர் இல்லை. நடந்து போகிறவர் இல்லை. ஒரு கடைக்குப் போவதென்றாலும் வண்டி எடுத்தாக வேண்டிய இடம். நாய்கூட ஆள் இருக்கும் இடம் தேடிப் போய்விட்டது போலிருந்தது.

வெயில் ஏறியதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

எதிர்வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். இருவரும் போனதை அவரே பார்த்திருந்தார். உள்ளேயிருந்து ஒரு வயசான மனிதர் வந்தார். வெறுங்காலோடு நடந்து வந்து, கேட் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தெருக்கோடியைப் பார்த்தபடி நின்றார். ஊரிலிருந்து வந்த மாமனாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அதற்கடுத்ததில் ஒரு நடுவயதுக்காரர்.

கண்ணுக்கு எட்டியவரை ஒவ்வொரு கேட்டிலும் ஒருவர் நின்றார். யாரும் யாரோடும் பேசவில்லை. முகத்துக்கு நேரே வெயில் அடித்தும் யாரும் கையைக் குவித்து மறைக்கவில்லை.

அப்போது அவர் தலைக்கு மேலே, மாடியறையில், ஒரு நாற்காலி நகர்ந்தது.

காலடிகள் படியிறங்கின. நிதானமாக, பழகிய வீட்டில் நடப்பதுபோல. வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாடை அறைக்குள் நுழைந்தது. கட்டிலுக்குப் பின்னால் ஏதோ கடந்து போனது. திரும்பிப் பார்க்கக் கழுத்து மறுத்தது.

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

ஜன்னலுக்கு வெளியே அவள் தெரிந்தாள். வெளிறிப்போன நீல உடை, கழுத்தில் ஒட்டிய ஈர முடி. அவருடைய வீட்டு கேட்டருகே போய், அவருக்கு முதுகு காட்டி நின்றாள்.

பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது அவருக்கு. யார் வீட்டில் யார் நடமாடுவது? ஊன்றுகோலை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஓங்கித் தட்டினார்.

தெரு முழுவதும் திரும்பியது.

எல்லாத் தலைகளும், ஒரே நேரத்தில், அவரை நோக்கி.

அந்த முகங்களில் கோபம் இல்லை. வெகுநாள் யாரும் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால் முகம் மலருமே, அப்படி மலர்ந்திருந்தன.

அன்று இரவு மனைவி வாசற்கதவைக் காட்டினாள். "பாருங்க, நான் வந்து சாவி போட்டுத்தான் திறந்தேன். பூட்டு பூட்டினபடியே இருந்துச்சு. வலி மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"மாத்திரை சாப்பிட்டா தெருவே கூடியா நிக்கும்?"

அவருடைய நச்சரிப்புத் தாங்காமல் எதிர்வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கேட்டாள். "எங்க வீட்ல பகல்ல ஈ காக்கா இருக்காதும்மா" என்று அவர் சிரித்தார்.

மறுநாளும் வந்தார்கள். இப்போது யாரும் தெருக்கோடியைப் பார்க்கவில்லை. கேட்டுக்குள் நின்றபடியே ஜன்னலைப் பார்த்தார்கள். நீல உடைக்காரி மட்டும் வெளியே போகவில்லை. கட்டிலுக்குப் பின்னாலேயே நின்றாள். அவள் முடியிலிருந்து நீர் தரையில் சொட்டுவது அவருக்குக் கேட்டது. சாயங்காலம் முதல் கார் தெருவுக்குள் நுழையும்வரை அவர் அசையவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த பாட்டிலுக்குக்கூடக் கையை நீட்டவில்லை. நனைந்த படுக்கையை மனைவி மாற்றினாள். அவர் வெட்கத்தில் கூனிக் குறுகினார்.

அவர்களுக்கு அந்த வீட்டை விற்றுவிட்டுப் போன தையல்கார அம்மாவின் நம்பர் அவரிடம் இருந்தது. சாவி கொடுத்த அன்று அந்த அம்மாவும் கணவரும் நடந்துகொண்ட விதம் அவருக்கு ஞாபகம் வந்தது. சொந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் கொஞ்சமாவது கலங்குவார்கள். அவர்களோ பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி லாரியில் ஏறிக்கொண்டார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அம்மாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். பின்னணியில் தையல் மெஷினும், டிராஃபிக்கும், யாரோ சண்டை போடுவதும் கேட்டன.

"தம்பி, நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்கன்னு தெரிஞ்சுதான் கொடுத்தோம். பகல்ல யாரும் இருக்கமாட்டீங்கன்னு நெனச்சோம்."

"யாரும்மா அவங்க?"

"தெரியாது தம்பி. நாங்க வீட்லயே தச்சுக்கிட்டிருந்தோம். தினம் பாப்போம். அவங்க உங்களைப் பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டாங்க."

"அப்போ அங்க இருக்காதீங்க." குரல் தணிந்தது. "எங்க வீட்டுக்காரர் இன்னும் தனியா ஒரு ரூம்ல உக்காரமாட்டார். இந்த ஊர்ல புகை, சத்தம், கால் வைக்க இடமில்ல. சந்தோஷமா இருக்கோம் தம்பி. சுவத்துக்கு அந்தப் பக்கம் மனுஷங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் தூக்கம் வருது."

மனைவியிடம் கெஞ்சினார். "சரிங்க, நகரத்துக்குள்ளயே வாடகைக்குப் பாக்கலாம். ஆனா ராத்திரியோட ராத்திரியா எங்க போறது? கொஞ்சம் பொறுங்க" என்றாள். அவள் கண்களைச் சுற்றிக் கருவளையம் படர்ந்திருந்தது. அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் வந்தது.

"ஸ்கூல்ல சேக்கமாட்டாங்க. இன்னைக்கு ஒரு நாள் உங்களோட இருக்கட்டும்."

"வேண்டாம். என்ன ஆனாலும் அவளை இங்க விட்டுட்டுப் போகாதே."

"என்னங்க நீங்க? பெத்த அப்பா நீங்க பாத்துக்காம வேற யாரு பாத்துக்குவாங்க?"

கதவை வெளியே பூட்டச் சொன்னார். பூட்டினாள். மகளைக் கட்டிலில் தன் பக்கத்திலேயே படுக்கவைத்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எட்டு வயசுப் பிள்ளையின் கை நெருப்பாகக் கொதித்தது. கதை சொன்னார். கதை தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். வலி மாத்திரையை வேண்டுமென்றே விழுங்காமல் வைத்திருந்தார். அப்படியும் விடிய விடிய விழித்திருந்த கண்கள் எப்போதோ செருகிவிட்டன.

விழித்தபோது கை காலியாக இருந்தது.

வாசற்கதவு அகலத் திறந்து கிடந்தது.

ஜன்னலுக்கு வெளியே நீல உடைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். தெருவில் எல்லா கேட்டும் திறந்திருந்தது. எல்லோரும் நடுரோட்டுக்கு வந்து, அவசரமில்லாமல், வீடு கட்டாத மனைகள் கிடக்கும் தெருக்கோடியை நோக்கி நடந்தார்கள். மகள் அவர்களுக்கு நடுவில் நடந்தாள்.

"பாப்பா!"

அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். மாவுக்கட்டு தரையில் மோதியதும் கண் இருட்டியது. முழங்கையால் ஊர்ந்தார். வாசற்படியில் தாடை இடித்தது. சிமெண்ட் தளத்தின் சூட்டில் உள்ளங்கை பொசுங்கியது. கத்தினார். உதவி, உதவி என்று தொண்டை கிழியக் கத்தினார். இருபுறமும் வரிசையாக வீடுகள். எந்த ஜன்னலிலும் ஒரு திரைச்சீலை விலகவில்லை. விலக்க யாரும் இல்லை.

மகளின் மஞ்சள் சட்டை சிறுத்துக்கொண்டே போனது.

அவரால் கேட்டுவரைதான் வர முடிந்தது.

அந்த நேரத்தில்தான் தெருக்கோடித் திருப்பத்தில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நுழைந்தது. பிரேக் கிறீச்சிட்டது. டிரைவர் குதித்து இறங்கி, ரோட்டு நடுவில் நின்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன சார் இது, புள்ளையத் தனியா ரோட்ல விட்டிருக்கீங்க? கொஞ்சம் அசந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், கேட்டடியில் ரத்தமும் புழுதியுமாகக் கிடந்தவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"தனியாவா? வேற யாருமே இல்லையா?"

"ஒரு குஞ்சு குளுவான் இல்ல சார்."

மகளுக்குக் காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது. உடம்பு ஜில்லென்று இருந்தது. "எங்கடா குட்டி போனே?" என்று கேட்டார்.

"அவங்க வீட்டுக்குப்பா" என்றாள். "ரொம்ப நாளா அங்க யாருமே வரலையாம்."

மனைவி வரும்வரை லாரி டிரைவர் அவர்களோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னபோது, "இல்ல சார், இங்கயே இருக்கேன்" என்றார். திறந்து கிடந்த கதவுப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மனைவி வந்து மகளை அணைத்ததும், அந்தக் குளிர் அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதே மாடியேறித் துணிகளை மூட்டை கட்டினாள்.

நகரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டு அறை கிடைத்தது. காலையில் ஷட்டர் தூக்கும் சத்தத்தில் சுவரே அதிரும். மாடிப்படியில் எந்நேரமும் யாராவது ஏறி இறங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் மனைவி இங்கிருந்தே "நூறு வயசு!" என்பாள். இடிபடுவதில் இவ்வளவு நிம்மதி உண்டா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. பழைய வீட்டை ஒரு இளம் தம்பதிக்கு வாடகைக்கு விட்டார்கள். பகலில் வீட்டில் யாராவது இருப்பீர்களா என்று மட்டும் கேட்டார். "எங்க சார், ரெண்டு பேரும் இருட்டோட கிளம்பினா இருட்டித்தான் வருவோம்" என்றார் அந்தப் பையன்.

மகள்தான் கொஞ்சம் அமைதியாகிவிட்டாள். முற்பகலில் கூப்பிட்டால் பதில் வருவதில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். காதை டாக்டரிடம் காட்டினார்கள். காதில் ஒரு கோளாறும் இல்லை.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில், மகள் கூடத்தில் உட்கார்ந்து படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தபோது, வாடகைக்கு இருப்பவரிடமிருந்து போன் வந்தது. வேலை செய்யும் இடத்திலிருந்து பேசினார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. கேட்ல புதுசா கேமரா வெச்சிருக்கோம். பகல்ல ஒரு சின்னப் பொண்ணு நம்ம கேட்டுக்கு உள்ள வந்து நிக்குது சார். தினமும். மஞ்சச் சட்டை. உயரமும் முடியும், சாவி வாங்க வந்தப்ப பாத்த உங்க பொண்ணு மாதிரியே இருக்கு."

"என் பொண்ணு இங்க என் முன்னாடி உக்காந்திருக்கா."

"இப்பவும் நிக்குது சார். போன்ல பாத்துக்கிட்டுத்தான் பேசறேன். முதுகுதான் தெரியுது."

அவர் மகளைப் பார்த்தார். கலர் பென்சில் காகிதத்தின் மேல் அசையாமல் நின்றிருந்தது. கீழே பாத்திரக் கடையில் ஏதோ சரிந்து விழுந்து தெருவே அதிர்ந்தது. அவள் இமைக்கவில்லை.

"பாப்பா" என்றார் மெதுவாக.

அவள் நிமிரவில்லை.

"பாப்பா!"

மறுமுனையில் அந்தப் பையன் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

"சார்... இப்ப திரும்பிடுச்சு சார்."