இடுப்பெலும்பில் கறுப்பு ஓட்டைகள்

“என் ஓர்ப்படி என் புரோகிராமைக் கெடுத்துட்டாங்க. அதை நீங்க நிரூபிக்கணும்.”

வந்தவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. எக்ஸ்ரே படங்களுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். அவள் கணவனின் அண்ணன் மனைவிக்கும் அங்கேதான் வேலை. வீட்டில் பெரியவள், சின்னவள் என்றால் அலுவலகத்திலும் அதேதான்.

துப்பறிவாளர் பென்சிலை எடுத்தார். கணினி வழக்குகளை மட்டுமே எடுக்கும் நிதானமான மனிதர். பக்கத்தில் அவருடைய மைத்துனன் இருப்புக்கொள்ளாமல் நின்றான்.

“என்ன நடந்துச்சு, சொல்லும்மா.”

மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சோதனைக்கு வைத்திருந்த அவளுடைய புரோகிராம்தான் அவரது இடுப்பு எக்ஸ்ரேயைப் பளிச்சென்று ஆக்கிக் காட்டியது. எலும்பு நெடுகக் கறுப்பு ஓட்டைகள். எலும்பை ஏதோ அரிக்கிறது என்றார் டாக்டர். வீடே இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது. பழைய முறையில் மறுபடி எடுத்துப் பார்த்தால் எலும்பில் ஒரு குறையும் இல்லை.

“அது அக்கா ஆரம்பிச்ச புரோகிராம். போன மாசம் என் கைக்கு வந்துச்சு. அந்தக் கடுப்பு. இப்ப அதுல அவங்க எழுதினது ஒரு வரிகூட இல்ல. பொறுக்குமா?”

துப்பறிவாளர் ஒரே ஒரு சொல்லைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை துப்பறிவாளரும் மைத்துனனும் அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்தார்கள். இரண்டு பெண்களும் ஒரே கடவுச்சொல்லில் வேலை செய்பவர்கள். அதனால் யார் திருத்தினார்கள் என்பதற்குப் பதிவு இல்லை. பழைய நகலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்த மைத்துனன் துள்ளினான்.

“அத்தான், பிடிச்சிட்டேன்! படத்துல ஒவ்வொரு புள்ளியும் ஒரு பைட். சைபர்னா கறுப்பு, இருநூத்தம்பத்தஞ்சுன்னா வெள்ளை. அதுக்கு மேல இடமில்ல. பழைய நகல்ல இந்தப் புள்ளிகளை வச்சிருந்த பைட் வரிசை, மிஞ்சினா இருநூத்தம்பத்தஞ்சுலயே நிறுத்திக்கிற வகை. இப்ப இருக்கிறது சாதாரண வகை. மிஞ்சினா திரும்ப சைபர்லேருந்து எண்ணும். பளிச்சுன்னு ஆக்க இருநூத்தம்பதோட இருபதைக் கூட்டினா பதினாலு! வெள்ளை எலும்பு கறுப்பாயிடும். விஷயம் தெரிஞ்சவங்க வேலை. பெரியவங்கதான்!”

“இது ஒண்ணுதான் மாறியிருக்கா, மச்சான்?”

மைத்துனன் எண்ணினான். “மொத்தம் முப்பது வரி.”

“மத்த இருபத்தொன்பதும்?”

“சரியாத்தான் இருக்கு. பெயர்களை மாத்தி, வரிகளை வேற மாதிரி எழுதியிருக்காங்க.”

துப்பறிவாளர் இரண்டு பெண்களையும் அழைத்து உட்காரவைத்தார். பெரியவள் ஜன்னலைப் பார்த்தபடி, “நான் தொடலை” என்றாள்.

“கெடுக்க வர்றவங்க இருபத்தொன்பது வரியை ஒழுங்கா எழுதி வச்சிட்டுப் போகமாட்டாங்க” என்றார் அவர். “இது கெடுக்கிற வேலை இல்ல, அழிக்கிற வேலை. ஒருத்தரோட கையெழுத்தே தெரியக்கூடாதுன்னு உட்கார்ந்து செஞ்சது. ‘இப்ப ஒரு வரிகூட இல்ல’ன்னு நீங்கதாம்மா சொன்னீங்க. அந்த ‘இப்ப’வைத்தான் குறிச்சு வச்சேன். அப்போ இருந்ததை யார் எடுத்தது?”

சின்னவளின் முகம் வெளுத்தது.

“படம் நல்லா வந்தா எல்லாரும் அக்காவைத்தான் சொல்லுவாங்க. அதான்... அந்த பைட் வரிசையோட வகைப் பேரு நீளமா இருந்துச்சு. சும்மா பந்தாவுக்குப் போட்டிருக்காங்கன்னு நினைச்சு, சாதாரண வகையா மாத்திட்டேன். அதனாலதான் இப்படி ஆச்சுன்னு சத்தியமா தெரியாது.”

“எனக்குத் தெரியும்” என்றாள் பெரியவள் மெதுவாக. “நேத்து புரோகிராமைப் பார்த்தவுடனே புரிஞ்சுது.”

“அப்புறம் ஏன்க்கா சொல்லலை? வாய்க்கு வந்தபடி உங்களைத் திட்டினேனே!”

“நாலு பேர் முன்னாடி நீ மாட்டணும்னு இருந்துச்சு. நீ வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. மாமா உன்னை ‘என் பொண்ணு’ங்கிறார். நான் பதினோரு வருஷமா ‘பெரியவன் பொண்டாட்டி’.”

மைத்துனன் தரையைப் பார்த்தான். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“மாமா, அந்த ஓட்டையெல்லாம் நான் போட்டது. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க எழுதினதுதான் சரி.”

மறுமுனையில் கிழவர் சிரிப்பது எல்லோருக்கும் கேட்டது. “ஒத்துக்கறதுக்கும் ஒரு தைரியம் வேணும். என் பொண்ணாச்சே!”

பெரியவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.