ஒற்றைத் தட்டு

மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில் எட்டிப்பார்த்த ஒரு பகலில் சத்தியராஜ் மேஸ்திரி பாலராமபுரத்திலிருந்து பஸ் ஏறி, கொல்லயிலில் எலியாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தோளில் ஸ்பானர் பை, கையில் செருப்பு. முற்றமெல்லாம் சேறு. விபத்தில் அடிபட்ட லாரியைச் சரியாக்கினால் ஓடுமா, இல்லை பழைய இரும்புக்காக உடைக்கிறவனுக்கு விற்றுவிடுவதா என்று பார்த்துச் சொல்வதற்காக எலியாவின் மனைவி செல்லபாய் அவரை வரச் சொல்லியிருந்தாள்.

லாரி ஓலைக் கொட்டகைக்குள் முகத்தை உள்ளே வைத்து நின்றது. அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் குளக்கரை வரை பின்னால் வந்துதான் திருப்ப வேண்டும். யுத்தம் முடிந்தபோது பட்டாளத்தார் கழித்துவிட்ட பழைய வண்டி அது. எலியாவும் செல்லபாயின் தம்பி ராஜையாவும் சேர்ந்து வாங்கினார்கள். எலியா ஓட்டுவான். ராஜையா சுமடு ஏற்றுவான், இறக்குவான்.

பின்னால் வருவது தெரியக் கண்ணாடி கிடையாது. ராஜையாவின் கைதான் அந்த லாரிக்கு முதுகுக் கண். பின்பலகையைப் பூட்டும் இரும்புக் கொண்டி ஒரு சங்கிலியில் தொங்கும். அதைப் பிடித்து இரும்புப் பட்டையில் தட்டுவான். டக், டக், டக் என்று விடாமல் தட்டினால் வரலாம். ஓங்கி ஒரே ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும்.

விபத்து நடந்தது, தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைச் சமரம் முற்றியிருந்த சமயம். கடையடைப்பு நாளில் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வந்தபோது ரோட்டின் குறுக்கே மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். போலீஸ் வண்டி வருகிறது என்று யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள். எலியா லாரியைப் பின்னாலேயே ஒரு ஒடுங்கிய இடவழிக்குள் எடுத்தான். லாரி இடித்துக் கல் மதில் சரிந்தது. மதிலுக்கும் லாரிக்கும் நடுவில் ராஜையா நின்றிருந்தான்.

சங்கிலி அறுந்த கொண்டி அவன் கைக்குள் இருந்தது. விரல்களை விரிக்க முடியவில்லை. கொண்டியோடேயே சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார்கள்.

"அவன் நில்லுண்ணு தட்டவே இல்ல" என்று எலியா எல்லாரிடமும் சொன்னான். போதகரிடமும் அதையே சொன்னான். செல்லபாயிடம் சொன்னபோது மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பிடிவாதம். லாரியை விற்க வேண்டும். பிழைப்புக்கு வேறு வழியில்லை, அதில் பாதி என் தம்பியுடையது என்று செல்லபாய் எவ்வளவோ சொல்லிப்பார்த்தாள். ஏன் விற்க வேண்டும் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான்.

சத்தியராஜ் லாரிக்கு அடியில் படுத்து வெகுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு அடியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"தட்டாத இரும்மா. துருவெல்லாம் கண்ணுல உழுது."

செல்லபாய் அப்போதுதான் கட்டஞ்சாயாவோடு அடுக்களை வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி வெளியே வந்தார். தூரத்தில் நின்ற அவளைப் பார்த்தார். கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். சாயாவை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, பின்பக்கத்துப் பட்டையும் பலகையும் மாற்றினால் ஒரு வாரத்தில் ஓடும் என்று சொன்னார். சொல்லும்போது குரல் தணிந்திருந்தது.

எலியா கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. பழைய வண்டி உடைக்கிற குழித்துறை பரமசிவனுக்கு அவன் ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தான்.

மறுநாள் பத்து மணிக்குப் பரமசிவன் குடையோடு வந்தார். வெற்றிலை மென்றுகொண்டே லாரியைச் சுற்றிவந்தார். ஆள் செத்த வண்டியாக்கும் என்று செல்லபாய் மெல்லச் சொன்னாள்.

"பேய் இருந்தா அதையும் இரும்போட சேத்து தூக்கிருவேனாக்கும்" என்று அவர் சிரித்தார்.

எலியா சிரிக்கவில்லை. லாரியை வெளியே எடுக்க அவனுக்கு அவசரம். பரமசிவனின் ஆள் முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்றினான். எஞ்சின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. சக்கரத்துக்கு முட்டு வைக்கக் கல்லோடு குளக்கரையில் நிற்கும்படி எலியா செல்லபாயிடம் சொன்னான்.

"தட்டாத. வாயால சொன்னா போதும்."

அந்தப் பேச்சு அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் போய் நின்றாள்.

லாரி மெல்லப் பின்னால் வந்தது. புகை நாற்றமும் ஈர மண்ணின் வாடையும் சேர்ந்து அடித்தது. "வரட்டும்" என்றாள். "வரட்டும்." காலுக்குக் கீழே களிமண் வழுக்கியது. கல்லோடு முழங்கால் மடங்கி விழுந்தாள். நில்லுங்கோ என்று கூப்பிட்டாள். எஞ்சின் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

பின்னால் குளம்.

முன்னால் லாரியின் உடைந்த பின்பலகை, அறுந்த சங்கிலி.

ணங்.

இரும்பில் இரும்பு. ஓங்கி ஒரே ஒரு தட்டு.

லாரி நிற்கவில்லை. உறுமிக்கொண்டு இன்னும் வேகமாக வந்தது.

ணங்.

குலுங்கி எஞ்சின் அணைந்தது. அவள் நெற்றிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. சங்கிலி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

எலியா இறங்கி வந்தான். உதடு வெளுத்திருந்தது.

"நீ என்னத்துக்குத் தட்டின?"

அவள் இரண்டு கைகளையும் காட்டினாள். இரண்டும் கல்லைக் கட்டிப் பிடித்திருந்தன.

எலியா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணைக்கும் இப்படித்தான் கேட்டுது பிள்ளே. ஒத்தத் தட்டு. எனக்குக் கேட்டுது. போலீசுண்ணு பயம். காலு நிக்கல்ல."

பரமசிவன் வெற்றிலையைத் துப்பினார். எனக்கு இது வேண்டாம் எலியாவே என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் ஆளைக் கூட்டிக்கொண்டு போனார். குடை கொட்டகையில் கிடந்தது. அதை எடுக்க அவர் திரும்பி வரவேயில்லை.

செல்லபாய் அன்று அழவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து அவன் எதிரே நின்றாள்.

"விக்கண்டாம். சரியாக்கி நீங்கதான் ஓட்டணும். அவன் தட்டும்போ நிக்கப் படிக்கணும்."

எலியா தலையை ஆட்டினான்.

லாரியை மறுபடி கொட்டகைக்குள் தள்ளி நிறுத்தி, சத்தியராஜ் ஒரு வாரம் வந்து வேலை செய்தார். பொழுது சாயும் முன்பே பஸ்ஸுக்குப் போய்விடுவார். எலியாவுக்குக் காது மட்டும்தான் உயிரோடிருப்பது போல இருந்தது. அடுக்களையில் செம்பு விழுந்து சத்தம் கேட்டால், முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறவன் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்பான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. தட்டுக்கு மட்டும் நின்றான். தம்பிக்கு அதுவாவது கிடைத்ததே என்று செல்லபாய் நினைத்தாள்.

எட்டாம் நாள் காலையில் லாரி தயாரானது. நல்ல வெயில். எலியா ஏறி உட்கார்ந்தான். சத்தியராஜ் முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்றினார். எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. செல்லபாய் அவர் பக்கத்தில் நின்றாள். லாரி பின்னால் நகர ஆரம்பித்தது.

டக். டக். டக்.

செல்லபாய் சத்தியராஜைப் பார்த்தாள். கொல்லன் புதிதாக அடித்துக் கொடுத்த கொண்டி அவர் கையில் இருந்தது. இன்னும் மாட்டவில்லை.

முன்னால் இரண்டு பேர். பின்னால் யாருமில்லை.

டக். டக். டக்.

லாரி கொட்டகையைத் தாண்டியது. முட்டுக்கல் கிடந்த இடத்தைத் தாண்டியது. திருப்ப வேண்டிய இடத்தையும் தாண்டியது. செல்லபாய் ஒற்றைத் தட்டுக்காகக் காத்திருந்தாள். பிறகு கத்திக்கொண்டு ஓடினாள்.

எலியா ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தான். அவன் முகம் தெளிவாக இருந்தது. சொன்னதைச் செய்கிற பிள்ளையைப் போல. உதட்டில் விரலை வைத்தான்.

"மிண்டாத இரு பிள்ளே. அவன் இன்னும் வரச் சொல்லியான்."

பின்சக்கரம் குளக்கரைப் புல்லில் ஏறியது.

டக். டக். டக்.