தெப்பக்குளத்தில் இருபது சென்டிமீட்டர்

வண்டியூர் தெப்பக்குளத்தின் நடுவில் இரண்டு படகுகள் முட்டிக்கொண்டன. ஒன்றில் இரும்புக் குண்டு கட்டிய கயிற்றோடு முத்துமீனா. இன்னொன்றில் ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் கருவியோடு, ஒரு சர்வே கம்பெனிக்காக அளக்க வந்த ராம்கி. சாரல் மழை... அவள் நிமிர்ந்து முறைத்தாள். அம்மாடி, என்ன கண்கள்! மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோனது.

"கண்ணு தெரியலையா?"

"தெரியுதுங்க... அதான் பிரச்சனை."

அதே இடத்தில் அவள் கயிறு 2.10 மீட்டர் காட்டியது. அவன் கருவி 1.90.

"உங்க அளவு பத்தரை சதவீதம் தப்பு," என்றான்.

"உங்களோடதால வகுத்தா அப்படித்தான் வரும். என்னோடதால வகுத்தா ஒன்பதரை. யாரு சரின்னு தெரியாதப்ப சராசரியால வகுக்கணும். பத்து."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அலங்காநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்து எம்.எஸ்ஸி. படிப்பவள், இந்த ஆழம்தான் அவள் ப்ராஜெக்ட். வேறொருவர் அளவோடு வரும் வித்தியாசம் இருவரின் பிழை வரம்பையும் சேர்த்ததைத் தாண்டினால் ப்ராஜெக்டை வாங்கவே மாட்டேன் என்று அவள் பேராசிரியர் சீனியம்மாள் மேடம் சொல்லியிருந்தார். கயிறு இழுபடும், குண்டு சேற்றில் புதையும்... தன் அளவு பன்னிரண்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்று முத்துமீனாவே ஒத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எம்புட்டு?"

"ரெண்டுதான். பெட்டியிலேயே போட்டிருக்கு," என்றான் பெருமையாக.

பிழைகளைச் சேர்க்கும் முறைப்படி இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தாள். பன்னிரண்டு சொச்சம். வித்தியாசமோ இருபது. எங்கே அடங்கும்? "போறேன்," என்று படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். வீணாய்ப்போன பெருமை என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான்.

அடுத்த வாரம் அவள் வந்தபோது குளத்துப் படியில் அவன் நனைந்துகொண்டு நின்றான்.

"அதே இடத்துல திரும்பத் திரும்ப அளந்து பாத்தேன். படகு ஆடுது, அடியில சேறு வேற... பதினாறு சென்டி முன்னப்பின்ன ஏறி இறங்குதுங்க."

"உங்க ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"எழுதிக் கொடுத்துட்டேன். மானேஜர் நல்லா டோஸ் விட்டாரு."

பன்னிரண்டு, பதினாறு... போனில் கணக்குப் போட்டாள். சரியாக இருபது.

"அடங்கிருச்சு," என்றாள். ஒரு வாரமாகத் தூங்காதவளுக்கு அழுகைதான் வந்தது.

"இன்னொன்னு சொல்லணும்... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

"ஒரு தடவை பாத்த அளவை எங்க மேடம் ஒத்துக்க மாட்டாங்க."

"இந்த ஒரு வாரமா தினமும் மனசுக்குள்ள அளந்து பாத்துட்டேங்க. மாறவே இல்ல."

மழை வலுத்தது. இருவரும் நகரவில்லை.

"எனக்கும்தான்," என்றாள். "எம்புட்டுன்னு மட்டும் கேக்காதீங்க..."