மஃரிபுக்கு அழிந்த கல்யாணம்

காலை 9.40. சனிக்கிழமை. கல்முனைக்குடியில் ஆதம்பாவாவின் வீடியோக் கடைக் கணினியிலிருந்து ஒரு கல்யாணம் முழுதாகக் காணாமல் போயிருந்தது. மாப்பிள்ளை, பெண்டுகள், ஒரே தட்டில் சேர்ந்துண்ணும் சஹன் சோறு, ஒன்றும் மிச்சமில்லை.

கல்யாணம் ஹப்ஸாவுடையது. அதில் ஓடித்திரிந்த அவளுடைய உம்மாவைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. வீட்டிலிருந்த படங்களையும் விட்டுவைக்கவில்லை. சேற்றில் கிடந்த கசெட்டைக் கழுவிக் காயவைத்து, கணினிக்குள் ஏற்றியவன் கடையில் வேலைசெய்யும் தினுஜன். ஏற்றி முடிந்த கையோடு நாடா அறுந்துபோனது. இன்று ஹப்ஸா சீடி வாங்க வருகிறாள்.

அந்த ஹார்ட் டிஸ்க்கை நாலு துண்டாகப் பிரித்திருந்ததும் தினுஜன்தான். ஒன்றில் விண்டோஸ் 98, பழைய தமிழ் எழுத்துகளுக்காக. ஒன்றில் எக்ஸ்பி, படம் வெட்ட. ஒன்றில் லினக்ஸ், அவனுடைய சொந்த ஆசைக்கு. நாலாவதில் படங்கள். இப்போது நாலாவது இல்லை.

"மூண்டு விண்டோசுக்கு ஒரு மிஷினா எண்டு அப்பவே கேட்டன்," என்றார் ஆதம்பாவா.

"ரெண்டுதான் விண்டோஸ், முதலாளி. மத்தது லினக்ஸ்."

"அதுதான் படத்தத் திண்டிரிக்கி."

ஆதம்பாவாவின் சகோதரி மகன் மிஹ்லார், கடைக் கமராக்காரன், லினக்ஸைத் திறந்து அதன் பதிவைக் காட்டினான். படத் துண்டு அழிக்கப்பட்ட நேரம்: நேற்று மாலை 6.44.

"மஃரிப் நேரம். நானும் மாமாவும் தொழப் பள்ளியில. கடையில யாரு?"

தினுஜன் மட்டும்.

"பகல் லுஹருக்கு முதல் உண்மையச் சொல்லு. இல்லாட்டி பொலிசு," என்றார் ஆதம்பாவா. அது 2005. தமிழ்ப் பொடியன் ஒருவனைப் பொலிசில் கொடுத்தால் விசாரணை வீடியோவோடு நிற்காது என்பது கடையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். தினுஜன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

மிஹ்லார் எல்லோருக்கும் பிளேன்டி வாங்கத் தேத்தண்ணிக் கடைக்குப் போனான்.

10.05. நிப்லா வந்தாள். ஆதம்பாவாவின் மகள், கணினி படிப்பவள், மிஹ்லாருக்குப் பேசி வைத்திருந்த பெண். கதையைக் கேட்டாள். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இந்த மிஷின்ல இனி ஒருத்தரும் ஒண்டும் பதியாதீங்க. வாப்பா, நீங்க ஃபோனத் தொடாதீங்க."

"நீ ஆருகா, இன்ஸ்பெக்டரா?"

"மகள். அது அதவிடப் பெரிய உத்தியோகம்."

ஆதம்பாவா பிடரியில் எண்ணெய் தேய்த்தபடி முனகினார். "வியாழன் ராக்காத்து பள்ளித் தறப்பாளப் பிச்சிப்போட்டு. சுனாமியோட கூரை போன பள்ளி, தறப்பாளும் இல்ல. நேத்து ஜும்ஆத் தொழுகை முழுக்க வெயில்ல. அசருக்குப் பொறகுதான் புதுசு கட்டினாங்க. இன்னும் எரியிது." அப்படியே திரையை எட்டிப் பார்த்தவர் தொப்பியைத் தேடினார். "நாலு மணியா! அசருக்கு வாங்கு சொல்லிட்டாங்களா?"

"இல்ல வாப்பா. வெளிய பாருங்க. பத்து மணி வெயில்."

"அப்ப இந்தப் பெட்டிக்கும் பைத்தியம்," என்று அவர் தொப்பியைக் கழற்றினார்.

நிப்லா சிரிக்கவில்லை. கணினியை எக்ஸ்பியில் திறந்தாள். மூலையில் 10.11. சுவர்க் கடிகாரமும் அதையே சொன்னது. திரும்ப லினக்ஸுக்குப் போனாள். 4.14.

மிஹ்லார் தேத்தண்ணியோடு வந்தான்.

"மச்சான், நேத்துப் பகல் கடைச் சாவி யாருட்ட?"

"என்னட்ட. ஜும்ஆவுக்குப் பூட்டினன். தினுஜன் சோத்துக்கு வீட்ட போனான்."

"ஜும்ஆவுல எங்க நிண்டீங்க?"

"வழமையான இடந்தான். கடைசி வரிசை."

"வெயில் இல்லையா?"

"எங்கால வெயில்? தறப்பாள் இரிக்கே."

ஆதம்பாவாவின் கை பிடரியிலேயே நின்றுவிட்டது.

"மிஷினுக்குள்ள ஒரு மணிக்கூடுதான் இரிக்கி," என்றாள் நிப்லா. "எக்ஸ்பி அத நம்ம நாட்டு நேரம் எண்டு எடுக்கும். இந்த லினக்ஸ் அதக் கிரீன்விச் நேரம் எண்டு நினைச்சி, நம்ம நாட்டுக்காக, தொண்ணூத்தாறுல மாத்தின கணக்குப்படி, ஆறு மணித்தியாலம் கூட்டும். பதிவுல உள்ள ஆறு நாப்பத்தி நாலுல ஆற எடுங்க, வாப்பா."

ஆதம்பாவா விரல்விட்டுப் பார்த்தார். "பன்னெண்டு நாப்பத்தி நாலு. ஜும்ஆக் குத்பா நேரம்."

"கடை பூட்டியிருந்த நேரம். சாவி வச்சிருந்தவரு, இல்லாத தறப்பாளுக்குக் கீழ தொழுதிருக்காரு. நீங்கதான், மச்சான்."

மிஹ்லார் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கீழே வைக்க இடம் தேடினான். "கேம் விளையாட வேறயா ஒரு விண்டோஸ் போடப் பாத்தன். மாமா விடமாட்டாரு. ஜும்ஆ நேரத்துலதான் மிஷின் சும்மா. எக்ஸ்பியில பாத்தா லினக்ஸ் துண்டு பேரில்லாம கிடக்கும். அதத்தான் லினக்ஸுக்குள்ள போய் அழிக்கப் பாத்தன். அங்க எல்லாம் வெறும் நம்பர், மாறி அழிச்சிட்டன். போடுறதுக்குள்ள ஆக்கள் பள்ளி விட்டு வந்துட்டாங்க."

"லினக்ஸுக்குள்ள இருந்துகொண்டே லினக்ஸ அழிக்கப் பாத்தீங்களா?"

"அது அப்ப விளங்கல்ல. காலையில அந்த நேரத்தக் கண்டதும்…"

"அல்லாஹ் தந்த வாய்ப்பு எண்டு நினைச்சீங்க."

ஃபோன் அடித்தது. நிப்லா வர முன்னமே ஆதம்பாவா பொலிசுக்கு ஒரு சொல் போட்டு வைத்திருந்தார். ஜீப் அனுப்பவா என்று கேட்டார்கள். அவர் மருமகனைப் பார்த்தார். "வேணாம் ஐயா. சின்னப் பிரச்சினை. வீட்டுக்குள்ள."

தினுஜன் நிமிர்ந்தான். "நான் எண்டா ஜீப். மிஹ்லார் எண்டா பிளேன்டியா, முதலாளி?"

ஆதம்பாவா ஃபோனைத் திரும்ப வைத்தார்.

"சொல்லுங்க வாப்பா," என்றாள் நிப்லா.

"பிழைதான் மனே," என்றார் அவர் கடைசியில், தரையைப் பார்த்து. "மிஹ்லார், நீயும் அவன்ட முகத்தப் பாத்துப் பிழை எண்டு சொல்லு."

மிஹ்லார் சொன்னான். சொன்ன வேகத்தில் நிப்லா பக்கம் திரும்பினான். "நம்மட கல்யாணக் கதை…"

"அதயும் நீங்கதான் அழிச்சிட்டீங்க. அது திரும்ப எடுக்கேலாது."

தினுஜன் பையைத் தோளில் மாட்டினான். வெளியே நடந்தான். வாசலில் ஹப்ஸா நின்றாள், கையில் வெற்றுச் சீடி உறையோடு.

"தம்பி, உம்மாட முகம் தெளிவா விழுந்திரிக்கா?"

தினுஜன் அவளைப் பார்த்தான். உள்ளே நிப்லாவைப் பார்த்தான்.

"துண்டுட வரம்ப மட்டுந்தான் வெட்டியிருக்கு," என்றாள் நிப்லா. "வெள்ளாமை அப்படியே நிக்கும், படம் உள்ளதான். மேல இன்னும் ஒண்டும் எழுதல்ல. வரம்பு எங்க இருந்ததெண்டு உங்களுக்குத்தான் தெரியும்."

தினுஜன் பையைக் கழற்றி மேசையில் வைத்தான். நிப்லா கதிரையிலிருந்து எழும்பி இடம் விட்டாள்.

"இருங்க அக்கா," என்றான் ஹப்ஸாவிடம். "இன்னும் கொஞ்சம் வேலை இரிக்கு. பாத்துட்டுப் போகலாம்."

11.30. திரையில் ஒரு பெண் சஹனைத் தூக்கிக்கொண்டு வந்து, கமராவைக் கையால் தள்ளிவிட்டு, யாரையோ ஏசினாள். ஹப்ஸா எழுந்து நின்றுவிட்டாள்.

"சத்தத்தக் கூட்டுங்க, தம்பி."

தினுஜன் கூட்டினான்.