பதினோரு படங்களில் ஒரு முதுகு

வீட்டு விற்பனை இணையப் பக்கத்திலிருந்த பதினோரு படங்களிலும் அதே பச்சை ஆடுநாற்காலி இருந்தது. கூடத்தில், சமையலறையில், மாடிக் குளியலறையில்கூட. அதில் நரைத்த கொண்டையோடு ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ராட்னி ஹாஸ்கெட் சிரித்தான். வீட்டுக்காரியை எழுந்திருக்கச் சொல்லிப் படம் எடுக்கத் துப்பில்லாதவர்கள்தான் டொலீடோ நகரத்து ஏஜென்ட்டுகள்.

ஏஜென்ட் கையில் மாதக்கணக்கில் விலைபோகாமல் கிடக்கும் வீடுகள்தான் அவனுக்குத் தீனி. வாங்கமாட்டான். இரண்டு வருடம் வாடகைக்கு எடுப்பான். பிடித்தால் இன்றைய விலைக்கே வாங்கிக்கொள்வேன் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வான். பிறகு வேறொரு குடும்பத்தைக் கூடுதல் வாடகைக்கு உள்ளே தள்ளுவான். வீட்டை வாங்க அவனுக்கு உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. இந்தச் சாமர்த்தியப் பெருமையைக் கேட்டுக் கேட்டே அவன் மனைவி விட்டுப் போய்விட்டாள்.

நவம்பர் மதியம். ஈரக் கம்பளியும் பழைய பாலும் கலந்த வாடை அடித்த சமையலறையில், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் ஏஜென்ட் லோர்னா ப்ரூயிட். வெளியூர் போய்விட்ட வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"நானூறு நாளா விக்கல. உங்க கமிஷன் இன்னிக்கே கைக்கு வரும், மேடம். வேற எவன் தருவான்?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த ராட்னி.

"சரி."

"ரிப்பேர் எல்லாம் வீட்டுக்காரர் செலவு."

"சரி."

மற்ற ஏஜென்ட்டுகள் இந்த இடத்தில் எகிறுவார்கள். சண்டை கிடைக்காதது அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. மாடியில் ஏதோ கிறீச்சிட்டது.

"மேல யாரு?"

"யாருமில்ல. போய்ப் பாக்குறீங்களா?"

"நானா குடியிருக்கப் போறேன்? எவனோ ஒருத்தன். எனக்கெதுக்கு மாடி?"

அவள் ஒரு வரியில் விரல் வைத்தாள். "கையெழுத்துப் போட்ட நிமிஷத்துலேர்ந்து வீட்டுல இருக்கிற எல்லாத்துக்கும் நீங்கதான் பொறுப்பு. இது நீங்களே எழுதினதுதானே?"

"எழுதத் தெரிஞ்சவன் எழுதினா அப்படித்தான் இருக்கும்."

கையெழுத்துப் போட்டான். லோர்னா தொப்பியைக் கழற்றினாள். நரைத்த கொண்டை.

"படத்துல இருந்தது வீட்டுக்காரம்மா இல்லங்க," என்றாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. "இதை வித்துத் தர்றேன்னு போன வருஷம் நான் கையெழுத்துப் போட்டேன். அன்னிலேர்ந்து, வீடு பாக்க யாராவது வந்தா மட்டும்தான் அந்த நாற்காலி என்னை எழுந்திருக்க விட்டுச்சு." கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

பிறகு மாடிப்படியில் கிறீச். ஒரு படி. இன்னொரு படி.

போனில் விற்பனைப் பக்கத்தைத் திறந்தான். முதல் படம், கூடம். நாற்காலியில் வழுக்கை உச்சி. பழுப்புச் சட்டை. அவனுடைய சட்டை.

கதவுக்கு ஓடினான். பிடி திரும்பியது. கதவு திறக்கவில்லை. கிறீச் நின்றது. மிக அருகில். முழங்காலின் பின்புறம் நாற்காலியின் மரம் தொட்டது. கால்கள் தாமாக மடிந்தன.

வெளியே ஒரு தம்பதி காரை நிறுத்தி, விற்பனைப் பலகையைப் படித்தார்கள். அவன் கத்தப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் போனைப் பார்த்துச் சிரிப்பது சன்னல் வழியாகக் கேட்டது.

"இந்த ஆளை எழுந்திருக்கச் சொல்லி ஒரு படம் எடுக்க மாட்டாங்களா?"

நாற்காலி மெல்ல ஆடத் தொடங்கியது.