நாடிப்பூட்டு

இரண்டாவது முறையும் நாடிப்பூட்டு திறக்க மறுத்தது. ‘கலக்கம் தெரிகிறது. இன்னும் ஒரே வாய்ப்பு’ என்று திரை சொன்னது. இளவேனில் கைப்பட்டையைக் கழற்றினாள். மணிக்கட்டு வியர்த்திருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஆறு வயது மகள் யாழி கிடந்தாள். பள்ளி வண்டி கவிழ்ந்ததில் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. உடனே அறுவை செய்யவேண்டும். ஆனால் அந்தக் குடும்பத்து ரத்தத்துக்குச் சில மயக்க மருந்துகள் ஆகாது. எவை என்பது யாழி பிறந்தபோது எடுத்த மரபுக்குறிப்பில்தான் இருக்கிறது. புதிதாகச் சோதிக்க இரண்டு நாளாகும். அரைமணிக்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டார் டாக்டர் ஜெபமணி.

ஆஸ்பத்திரிகளில் குறிப்புகள் திருடுபோன பிறகு, ஊரே அவற்றை வங்கியில் வைக்க ஆரம்பித்திருந்தது. வங்கி அவற்றை மறையாக்கம் செய்து, யாருக்கும் புரியாத எழுத்துக் குப்பையாக்கி வைக்கும். திரும்பப் படிப்பதற்கான திறவுகோல் எங்கேயும் கிடையாது. வாடிக்கையாளரின் நாடித்துடிப்பிலிருந்து அந்த நேரத்துக்குப் பிறக்கும், உடனே அழியும். கத்தியைக் காட்டி மிரட்டியும் பயனில்லை, பயந்த நாடியில் அது பிறக்காது. மாத்திரை போட்டு வரவழைத்த அமைதியும், மூச்சை அடக்கி நடித்த அமைதியும் செல்லாது. மூன்று முறை தவறினால் மறுநாள்வரை திறக்காது.

இத்தனையும் செய்தவள் இளவேனில்தான். அவசரத்துக்கு ஒரு மாற்றுவழி வைக்கலாமே என்ற மேலதிகாரியை, கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலுக்கு எதற்குப் பூட்டு என்று மடக்கியவள். கெட்டிக்காரி என்று பெயர். பெற்றவளின் நாடி எப்படித் துடிக்கும் என்பது மட்டும் அந்தக் கெட்டிக்காரிக்குத் தோன்றவில்லை. இப்போது அலுவலகத்துக்குப் போன் செய்தால், நீங்கள் போட்ட பூட்டுதானே மேடம், எங்களால் என்ன செய்யமுடியும் என்கிறார்கள்.

குறிப்புக்கு இன்னொரு உரிமையாளன் அவள் கணவன் நிலவரசன். அழுது அழுது அவன் கண் சிவந்திருந்தது.

“நீ செஞ்ச பூட்டு உனக்கே திறக்கல. நான் பட்டையைக் கட்டினா இருக்கற ஒரு வாய்ப்பும் போயிடும் வேனில்.”

“என் நெஞ்சு அடங்கமாட்டேங்குது அரசு. நீ கட்டு.”

கட்டிக்கொண்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். மூன்றே நொடியில் பூட்டு திறந்தது.

டாக்டர் குறிப்பைப் படித்துக்கொண்டே உள்ளே ஓடினார். இரண்டு மணி நேரம் கழித்து வந்து, பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்றார். இளவேனில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

நிலவரசன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளை அணைத்துக்கொண்டான். “பயத்துல எனக்கு உசுரே போயிடுச்சு” என்றான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து அவனுடைய ஈரக் கண்களைப் பார்த்தாள். பதினொரு வருஷத்தில் அந்தப் பூட்டு ஒருமுறைகூடப் பயந்த நாடிக்குத் திறந்ததில்லை.

“என்ன அப்படிப் பாக்கற?”

“ஒண்ணுமில்ல” என்றாள். தன் பூட்டில் எங்கேயாவது ஒரு ஓட்டை விட்டிருக்கமாட்டோமா என்று மனசுக்குள் தேட ஆரம்பித்தாள்.