விபத்தில்லாத நாட்கள்

ஜன்னல் கண்ணாடியில் விரல்நுனி அளவுக்கு ஒரு மங்கல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காவலுக்கு ஒன்பது மணிக்கு வந்த முரோயா அதைக் கட்டைவிரலால் தேய்த்தார். ஏதோ ஈரம் ஒட்டியது. மங்கல் போகவில்லை. அந்த இடத்தில் கண்ணாடியே அரித்துப் போயிருந்தது.

ஒசாகாவின் ஓரத்தில் உள்ள அந்தப் பட்டறையில் கண்ணாடியில் பூவும் கொடியும் அரித்தெடுக்கிறார்கள். அதற்கான அமிலம் கண்ணாடியைத் தின்னும் என்பதால் பின்னறையில் பிளாஸ்டிக் பீப்பாய்களில் இருக்கிறது. அங்கே எதைத் தொடுவதற்கு முன்னும் அதை விரல் நீட்டிக் காட்டி, உரக்கச் சொல்லிச் "சரி" என்று முடிக்க வேண்டும். பொறுப்பாளர் முரோயாவின் வாயில் அது பாட்டாகவே ஆகிவிட்டிருந்தது. ஏழு வாரத்துக்கு முன் ஒரு மாலை, முகம் எங்கோ இருக்க விரல் மட்டும் நீள, "மூடி இறுகியிருக்கு, சரி" என்றார். அந்தக் குரலை நம்பி இளம் தொழிலாளி இசேகி பீப்பாயைச் சாய்த்தான். மூடி இறுகியிருக்கவில்லை.

கையை உதறிக்கொண்டு வந்தவன், "முரோயா சான், கையுறைக்குள்ள போயிடுச்சு. வலி ஒண்ணும் தெரியல. இருந்தாலும் அந்தக் களிம்பு..." என்று இழுத்தான்.

அமிலத்தை முறிக்கும் களிம்பு இருந்த பெட்டியின் சாவி முரோயாவின் சட்டைப்பையில் இருந்தது. பெட்டியைத் திறந்தால் எழுதி வைக்க வேண்டும். எழுதினால் வாசலில் தொங்கும் 'விபத்தில்லாத நாட்கள் 1411' என்ற பலகையில் பூஜ்யம் ஏறும்.

"வலியே இல்லாதவனுக்கு எதுக்குய்யா களிம்பு? நாலு வருஷத்தைக் கவுக்க நீதான் கெடச்சியா? தண்ணியில கழுவு. நாளைக்குச் சரியாயிடும்."

சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, குனிந்து வணங்கிவிட்டு இசேகி வீட்டுக்குப் போனான். தினமும் வாசல் கல்புத்தருக்கு ஒரு குவளை பார்லி டீ வைக்கும் பிள்ளை அவன். தோலைச் சுடாமலே உடம்புக்குள் இறங்கிய அமிலத்தால் விடியலில் அவன் இதயம் நின்றது. வீட்டில் நடந்த சாவு என்பதால் பலகையில் நாட்கள் ஏறிக்கொண்டே இருந்தன. ஒரு சாவியை எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இன்று அவன் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு. அவன் தாயின் முகத்தைப் பார்க்க நேருமே என்றுதான் முரோயா காவலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மணி மூன்றாகியும் மழை ஓயவில்லை. தகரக் கூரையில் ஒரே சீராக விழுந்த அந்த ஓசைக்கு அடியில், பின்னறைப் பக்கம் யாரோ நடந்து, நின்று, மறுபடி நடப்பது போல ஒரு சத்தமும், தொண்டையைக் குத்தும் ஒரு புளித்த நெடியும் அறைக்குள் மெல்ல ஊறி வந்துகொண்டிருந்தன. நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் ஒரு மங்கல் தெரிந்தது. கண்ணாடி டீக் குவளையில் இன்னொன்று. காலையில் வெளி ஜன்னலில், பிறகு சுவரில், இப்போது மேசையில். ஒவ்வொன்றையும் யாரோ விரல் நீட்டிக் காட்டியபடி நெருங்கி வருகிறார்கள்.

"ஜன்னல் மூடியிருக்கு. சரி."

பணிவான, மெல்லிய குரல். மழைக்குள்ளிருந்து வந்தது.

"கடிகாரம் ஓடுது. சரி."

கட்டைவிரல் நகத்தடியில் வலி தொடங்கியது. தோல் சிவக்கவில்லை. ஆனால் எலும்புக்குள் ஆணி அறைவது போல. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒட்டிய ஈரம். முரோயா பெட்டிக்கு ஓடினார். சாவியை எடுத்தார். விரல்கள் மடங்கவில்லை. சாவி விழுந்தது. குனிந்தார். எழ முடியவில்லை.

தொலைபேசி மேசை மேல். எட்டவில்லை.

"பெட்டி பூட்டியிருக்கு. சரி."

கிட்டத்தில். தோளுக்குப் பின்னால்.

"இசேகி... சாவி... அதை எடுத்துக் குடுப்பா."

நனைந்த கையுறை ஒன்று சாவியை எடுத்தது. அவருடைய சட்டைப்பையிலேயே அதை மெதுவாகப் போட்டது.

"தண்ணியில கழுவுங்க, முரோயா சான். நாளைக்குச் சரியாயிடும்."

ஒரு விரல் அவருடைய மூக்குக் கண்ணாடியை நோக்கி நீண்டது. இடது பக்கம் வெளுத்தது. வலது பக்கம் நடுவிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. மிஞ்சிய ஓரத்தில் வாசல் தெரிந்தது. மழையில் கையுறை அணிந்த ஒருவன் பலகை முன் நின்றான். 1459ஐக் கழற்றினான். நாளைக்கான எண்ணை மாட்டினான். கோணலை நேராக்கினான்.

விரலை நீட்டினான்.

"விபத்து இல்லை. சரி."